வேகக் காருக்கேற்ற சக்கரம்



டோம்பிவிலியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை ஏறத்தாழ ஒரே விதமாக அமைந்தது. பாட்டனார் தாராவியிலோ மாதுங்காவிலோ வந்து இறங்கினார். தகப்பனார் செம்பூரில் வாடகைக்கு இருந்து பார்த்து, கட்டுப்படியாகாமல், டோம்பிவிலிக்கு வந்து ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக் கொண்டார். ஆயுளில் பாதியை லோக்கல் ரயிலின் நெரிசலிலே கழித்தார். இன்று அவருடைய மகனோ மகளோ நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, குடும்பத்தின் முதல் காரை வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். மூன்று தலைமுறையின் உழைப்பு அந்தக் காரில் இருக்கிறது.

கார் வந்து சில மாதங்கள் ஆனதும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. நம் வண்டியும் ஸ்போர்ட்ஸ் காரைப் போல் விளங்க வேண்டும் என்பதே அந்த ஆசை. எஞ்சினை மாற்றுவது எளிதன்று. மேற்கூட்டை மாற்றுவதும் எளிதன்று. சக்கரத்தை மாற்றுவதோ ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலோர் முதலில் கை வைப்பது சக்கரத்தில்தான். பளபளக்கும் பெரிய அலாய் ரிம்மும், அதன்மேல் நாடாப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய டயரும் கண்ணைக் கவருகின்றன. இந்த ஆசையை நாம் குறை கூற வரவில்லை. அழகை விரும்புவது மனித இயல்பு. எனினும், ஓடுகின்ற கார் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவுதான். உயிரைத் தாங்கும் அந்த நான்கு உள்ளங்கைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மட்டும் கலந்து ஆலோசிப்பது போதுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

டோம்பிவிலிக்குக் கார் புதியதன்று. கல்யாண்–ஷில் சாலையை ஒட்டி ஒரு காலத்தில் பிரீமியர் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. 1990களில் பெஜோ 309 என்னும் கார் அங்கே தயாராயிற்று. அதற்கு முன்பே, அந்நிறுவனத்தின் குர்லா ஆலையிலிருந்து வந்த பத்மினிக் கார்கள் கறுப்பும் மஞ்சளுமாகப் பம்பாய்த் தெருக்களை நிறைத்திருந்தன. அந்தப் பத்மினியின் டயரில் 5.20–14 என்று எழுதியிருக்கும். டயரின் அகலம் 5.20 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 14 அங்குலம். அவ்வளவே. டயரின் உயரத்தைத் தனியே குறிக்க வேண்டிய தேவை அக்காலத்தில் இருக்கவில்லை. அகலத்தை ஒட்டியே உயரமும் அமைந்திருந்தது.

இன்றைய டயரில் எழுதியிருப்பது சற்று நீளமானது. நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் சிறிய கார்கள் பலவற்றில் 185/65 ஆர் 15 88 எச் என்ற குறியைக் காணலாம். இதை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. ஆர் என்பது ரேடியல் முறையில் கட்டப்பட்ட டயர் என்பதைக் காட்டுகிறது. பிரெஞ்சு நாட்டு மிஷலின் நிறுவனத்தார் 1946இல் உரிமம் பதிந்து உலகுக்கு அளித்த முறை அது. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் சதவிகிதமும் அங்குலமும் கலந்து கிடப்பதால்தான் பலருக்கு இது குழப்பமாக இருக்கிறது. இறுதியில் உள்ள 88, எச் ஆகிய இரண்டையும் பின்னர் பார்ப்போம்.

இப்பொழுது சிறிது கணக்குப் போடுவோம். 185இல் 65 சதவிகிதம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், ஆகவே 240. ரிம்மின் 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் முழுக் குறுக்களவு ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். இந்த முழு அளவுதான் முதலாவது விதி. ரிம்மைப் பெரிதாக்கலாம், ஆனால் முழு அளவு மாறக் கூடாது. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் தாழ வேண்டும்.

இந்த விதிப்படி 195/55 ஆர் 16 என்ற அளவைப் பார்ப்போம். அதன் முழுக் குறுக்களவும் 621 மில்லிமீட்டருக்கு மிக அருகில் வருகிறது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரைக் கூட எட்டவில்லை. 205/45 ஆர் 17 என்ற அளவோ 616 மில்லிமீட்டர்; ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசமே. மாறாக, யாரோ சொன்னார் என்று 215/60 ஆர் 16 டயரை மாட்டினால் முழு அளவு 664 மில்லிமீட்டராகிவிடும். ஏறத்தாழ ஏழு சதவிகிதம் மிகுதி. அப்பொழுது வேகமானி 80 என்று காட்டும்போது கார் உண்மையில் 85 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உராயும். பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். போன்ற கருவிகளும் தொழிற்சாலை அளவை மனத்தில் வைத்தே சரிசெய்யப்பட்டவை. ஆகவே மாற்றம் இரண்டு சதவிகிதத்துக்குள் அடங்கியிருப்பது நலம்.

கணக்கு சரியாகிவிட்டது, அப்படியானால் 17 அங்குலத்தையே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது விதி குறுக்கிடுகிறது. 15 அங்குல ரிம்மில் பக்கச்சுவரின் உயரம் 120 மில்லிமீட்டர். 16 அங்குலத்தில் 107. 17 அங்குலத்தில் 92. ஆக, சாலைக்கும் உலோக ரிம்முக்கும் இடையே உள்ள காற்று மெத்தையில் 28 மில்லிமீட்டரை நாம் இழந்துவிடுகிறோம். மெத்தை தாழ்ந்தால் நன்மையும் உண்டு. வளைவில் டயர் நெளிவது குறைகிறது. ஸ்டியரிங் சொன்ன சொல்லை உடனே கேட்கிறது. வழவழப்பான சாலையில் இது இன்பமான அனுபவமே. ஆனால் டோம்பிவிலியின் சாலைகளை நாம் அறிவோம். ஆனி, ஆடி மாதங்களில் மழைநீர் நிரம்பிய குழி எவ்வளவு ஆழம் என்று கண்ணால் அளக்க முடியாது. குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது பக்கச்சுவர் உயரமாக இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்கிறது. தாழ்ந்திருந்தால் ரப்பர் நசுங்கி, ரிம்மின் ஓரத்துக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே அகப்பட்டுக் கொள்கிறது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, பக்கச்சுவரில் கட்டிபோல் ஒரு புடைப்பு எழுகிறது. அந்தப் புடைப்புடைய டயரைப் பழுது பார்க்க முடியாது. எந்த நேரத்திலும் வெடிக்கக் கூடியது அது. ரிம்மும் வளையலாம், விரிசல் விடலாம்.

நம் ஊர் மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். குடமும் ஆரக்காலும் வட்டையும் இரும்புப் பட்டையுமாகத் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த அந்தச் சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருந்தது. கரடுமுரடான வண்டிப்பாதையில் பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் கடந்து செல்லும் என்பதே காரணம். அவர்கள் பாதையைப் பார்த்துச் சக்கரம் செய்தார்கள். நாமும் பாதையைப் பார்த்தே சக்கரம் வாங்க வேண்டும்.

பந்தயக் கார்களில் பெரிய ரிம்தானே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மை வேறு. ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களில் 2021ஆம் ஆண்டு முடிய 13 அங்குல ரிம்களே இருந்தன. 2022இல்தான் 18 அங்குலத்துக்கு மாறினார்கள். நம் பத்மினியின் ரிம்மைவிட ஓர் அங்குலம் சிறிய ரிம்மை வைத்துக்கொண்டுதான் அவர்கள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார்கள். ஆகவே ரிம்மின் பருமன் வேகத்துக்கு அடையாளம் ஆகாது.

பந்தயத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டை மறக்க முடியாது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்திலே, பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பந்தயச் சாலை திறக்கப்பட்டது. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்னும் ஊரில் நடந்த பந்தயம், டயரைப் பற்றி எண்ணுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

அந்தச் சாலையின் பதின்மூன்றாவது வளைவு சரிவாகக் கட்டப்பட்டது. கார்கள் அதை முழு வேகத்தில் கடக்கும். அப்பொழுது இடப்புறப் பின்சக்கரத்தின்மீது பெரும் பாரம் ஏறும். இரண்டு நாள் முன்னர் நடந்த பயிற்சியில் மிஷலின் டயர் பூட்டிய கார் ஒன்று அவ்வளைவில் டயர் பழுதாகி மதில்மேல் மோதியது. கொண்டுவந்த டயர்கள் அந்த வளைவில் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதி கூற இயலாது என்று அந்நிறுவனத்தாரே அறிவித்தார்கள். பந்தய நாளன்று இருபது கார்களும் வரிசையாக ஒரு சுற்று வந்தன; அதன் முடிவில் பதினான்கு கார்கள் பந்தயத்திலிருந்து விலகிக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அவற்றுள் ஒன்றை ஓட்டிய நம் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? மிஷலின் டயர் மட்டமானதன்று. அவ்வாண்டின் பந்தயங்களில் பெரும்பாலானவற்றை வென்றது அந்த டயரே. ஆயினும் குறிப்பிட்ட ஒரு சாலையின் குறிப்பிட்ட ஒரு வளைவில், குறிப்பிட்ட ஒரு பாரத்தின் கீழ் அது பொருந்தவில்லை. உலகத் தேர்ச்சி பெற்ற பொறியாளர்களும், பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனங்களும், டயருக்கு ஐயம் என்றதும் பல்லாயிரவர் முன்னிலையில் காரை நிறுத்திவிட்டார்கள். டயரோடு வீரம் பேசக் கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி, முன்பு விட்டுவைத்த இரண்டு குறிகளுக்கு வருவோம். 88 என்பது பாரக் குறியெண். அந்த டயர் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். 87 என்றால் 545 கிலோ. 84 என்றால் 500 கிலோ. எச் என்பது வேகக் குறி. மணிக்கு 210 கிலோமீட்டர் வரை என்பது பொருள். டி என்றால் 190. மெல்லிய டயர்களில் பாரக் குறியெண் குறைந்துவிடுவது வழக்கம். 205/45 ஆர் 17 டயர் சாதாரண வகையில் 84தான். வலுவூட்டிய வகையில் மட்டுமே 88 கிடைக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 2,000 கிலோ தாங்குமே, நம் கார் ஆட்களோடு சேர்த்தும் அவ்வளவு இல்லையே என்று எண்ணக் கூடாது. நின்றிருக்கும்போது உள்ள பாரம் வேறு. பிரேக் போடும்போது முன்சக்கரத்தில் சாயும் பாரம் வேறு. குழியில் இறங்கும்போது விழும் அடி வேறு. மிச்சம்போல் தோன்றும் வலிமை அந்த நேரங்களுக்காகவே வைக்கப்பட்டது. ஆகவே தொழிற்சாலை குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரை வாங்குதல் கூடாது என்பது மூன்றாவது விதி.

ரிம்மிலும் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, அகலம். 205/45 டயருக்கு ஆறரை முதல் ஏழரை அங்குலம் வரை அகலமுள்ள ரிம் பொருந்தும். 185/65 டயருக்கு ஐந்து முதல் ஆறரை வரை. அகன்ற ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுவது அழகென்று சிலர் கருதுகிறார்கள். டயர் ரிம்மை விட்டுக் கழல்வதற்கு அதுவே வழி. இரண்டாவது, போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு. கடைக்காரர் இதைப் பி.சி.டி. என்பார். 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட் உள்ள காருக்கு அதே அளவுதான் வேண்டும். மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாகாது. மூன்றாவது, ரிம்மின் நடுத்துளை. அது காரின் குடத்தில் கச்சிதமாக அமர வேண்டும். பெரிதாக இருந்தால் இடையே பொருத்தும் வளையம் அவசியம். இல்லாவிடில் வேகத்தில் வண்டி நடுங்கும். நான்காவது, ஆஃப்செட் எனப்படும் எண். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது குடத்தோடு சேரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. 45 உள்ள இடத்தில் 35 உள்ள ரிம்மைப் பூட்டினால் சக்கரம் பத்து மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது சுமை.

அகன்ற டயர் சாலையை நன்றாகப் பற்றும் என்பது உலர்ந்த சாலைக்குப் பொருந்தும். மழையில் நிலைமை மாறுகிறது. தேங்கிய நீரை அகன்ற டயர் ஒதுக்கித் தள்ளுவது கடினம். நீர் அடியில் புகுந்து டயரைத் தூக்கிவிடும். அப்பொழுது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன. விமான டயர்களைக் கொண்டு அமெரிக்க நாசா நிறுவனத்தார் 1963இல் வெளியிட்ட ஆராய்ச்சி, டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தோடு இணைத்துக் காட்டியது. அந்தக் கணக்கின்படி, நீர் தேங்கிய சாலையில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்கு 95 கிலோமீட்டர் அளவில் மிதக்கும். அழுத்தம் 24ஆகக் குறைந்திருந்தால் 82லேயே மிதக்கும். தேய்ந்த டயராயின் ஆபத்து இன்னும் மிகுதி. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். கொங்கண மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது விவேகம்.

உண்மையான ஸ்போர்ட்ஸ் காரையே வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அத்தகைய கார்களில் சிலவற்றில் முன்சக்கரம் ஓர் அளவாகவும் பின்சக்கரம் அகன்ற வேறோர் அளவாகவும் இருக்கும். பின்புறம் வழுக்கி வண்டி சுழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதை மாற்றி நான்கையும் ஒரே அளவாக்குவதும், முன்னுக்கு மட்டும் அகன்ற டயரைப் போடுவதும் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் காராயின், நான்கின் முழு அளவும் தேய்மானமும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் உட்புறப் பற்சக்கரங்கள் கெடும்.

சட்டத்தையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே காரின் உயர்ந்த வகைகளுக்குத் தயாரிப்பாளரே அளிக்கும் சக்கர அளவுக்குள் நின்றுகொள்வது எல்லா வகையிலும் பாதுகாப்பு. அந்த அளவுகள் ஓட்டுநரின் கதவு நிலையில் ஒட்டியுள்ள தாளிலும், காரோடு தந்த கையேட்டிலும் இருக்கும். கடைக்குச் செல்லுமுன் அதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

ஆகவே நாம் கூறும் யோசனை இதுதான். ஆசை இருப்பவர்கள் ஓர் அங்குலம் மட்டும் ஏறலாம். 15இலிருந்து 16க்குப் போகலாம். முழு அளவு மாறாமலும், பாரக் குறியெண் தாழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன 195/55 அளவில் சாதாரண டயர் 87தான். ஆகவே 88க்குக் குறையாத வகை கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது அங்குலத்துக்குச் செலவிட நினைத்த பணத்தை ரிம்மில் போடாமல் டயரில் போடுங்கள். மட்டமான டயர் ஏறிய பெரிய ரிம்மைவிட, உயர்ந்த டயர் ஏறிய சிறிய ரிம் விரைவாக நிற்கும், உறுதியாகத் திரும்பும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பல ஆண்டு கிடங்கில் கிடந்ததை மலிவு என்று வாங்க வேண்டாம். மாற்றுச் சக்கரத்தின் முழு அளவும் மற்றவற்றோடு ஒத்திருக்கிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ இந்தக் கார்கள் ஊருக்குப் புறப்படுகின்றன. டோம்பிவிலியிலிருந்து புனே, சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி சேர ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பெற்றோரும் பிள்ளைகளும், ஊராருக்கு வாங்கிய சாமான்களும் வண்டி நிறைய இருக்கும். கம்பட்கி மலைப்பாதையின் வளைவுகளையும், நண்பகலில் கொதிக்கும் சிமெண்டுச் சாலையையும், நள்ளிரவில் கண்ணுக்குத் தெரியாத குழியையும் அந்த நான்கு டயர்களே கடந்தாக வேண்டும். கடையில் நின்று சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தெருவில் நம் காரைப் பார்ப்பவர்களை மறந்து, காருக்குள் அமரப் போகிறவர்களை நினைத்துக்கொள்வோம். புறப்படும் நாளன்று விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே, முழுப் பாரத்துக்கெனக் கதவு நிலைத் தாளில் குறித்துள்ள அழுத்தத்துக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்புவோம்.